கேஸ் போகலீங்க, காசுதான் போகுது

தில்லி, நொய்டா, குர்காவ்ன் பக்கம் குடியேறின தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தி வருதோ இல்லையோ, ஒரு வாக்கியம் மட்டும் மனப்பாடம் ஆகியிருக்கும். "கேஸ் நிகல் கயீ ஹை, சார்." ஃபிரிட்ஜ் கூலிங் இல்லைன்னு ஆளைக் கூப்பிட்டா, அவர் பின்னாடி எட்டிப் பார்ப்பார், கம்ப்ரசரைத் தொட்டுப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், இதைச் சொல்வார். மூவாயிரம், மூவாயிரத்து ஐநூறு. நாமளும் பர்ஸை எடுப்போம்.

இந்த வாக்கியத்து மேலதான் எனக்குக் கோபம். சொல்ற மெக்கானிக் மேல பாதி, கேட்டுட்டு தலையாட்டற நம்ம மேல மீதி.

முதல்ல ஒரு விஷயம் தெளிவாகட்டும். ஃபிரிட்ஜ்ல இருக்கற கேஸ் ஸ்கூட்டர்ல போடற பெட்ரோல் இல்லை. தீர்ந்து போறதுக்கு அது எரியறதே இல்லை. கம்ப்ரசர் அழுத்துது, வெளிப்பக்கக் குழாயில சூட்டை விட்டுட்டு திரவமாகுது, ஃப்ரீசர் காயில்ல ஆவியாகி உள்ள இருக்கற சூட்டை வாங்கிக்குது, திரும்ப கம்ப்ரசருக்கு வருது. மூடி பற்றவெச்ச குழாய்க்குள்ள அதே கேஸ் வருஷக்கணக்கா சுத்தும். குறைஞ்சா ஒரே அர்த்தம்தான், எங்கயோ ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடிக்காம கேஸ் போடறவர் ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தறார்.

இன்னொண்ணு. இப்போ வர்ற பெரும்பாலான வீட்டு ஃபிரிட்ஜ்ல இருக்கறது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். நம்ம அடுப்பு கேஸுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. பின்னாடியோ உள்பக்கச் சுவர்லயோ ஒட்டியிருக்கற லேபிள்ல அதோட பேரும் எடையும் கிராம் கணக்குல போட்டிருக்கும், போய்ப் பாருங்க. பல மாடல்ல 50 கிராமுக்கு அக்கம்பக்கம்தான். சமையலறை சிலிண்டர்ல இருக்கறது 14.2 கிலோ. இந்த அம்பது கிராமுக்குத்தான் மூவாயிரம். பொருளுக்கு இல்லை சார், வேலைக்குத்தான் காசு அப்படின்னு சொல்லலாம். சரிதான், ஒழுங்கா செஞ்சா அது பெரிய வேலைதான். ஓட்டையைத் தேடணும், அடைக்கணும், ஃபில்டர் ட்ரையரை மாத்தணும், வேக்யூம் பம்ப் போட்டு அரை மணி நேரமாவது குழாயில இருக்கற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சணும், அப்புறம் தராசுல நிறுத்து கேஸ் ஏத்தணும். உங்க வீட்டுக்கு வந்தவர் கையில தராசு இருந்துச்சா? பம்ப் இருந்துச்சா? ஒரு சின்ன கேனும் ஒரு குழாயும் எடுத்துட்டு வந்து இருபது நிமிஷத்துல முடிச்சுட்டுப் போறவர் செய்யறதுக்குப் பேரு ரிப்பேர் இல்லை. அதுலயும் 600ஏ இருக்கற குழாய்ல 134ஏ ஏத்தறது தப்பு, 600ஏ உள்ள இருக்கும்போதே பற்றவைக்க நெருப்பைக் காட்டறது அதைவிடப் பெரிய ஆபத்து. பத்திக்கற வாயு அது.

சரி, கேஸ் போகலைன்னா ஏன் கூல் ஆகலை? வீட்டுல இருக்கறவங்க பத்து நிமிஷம் நின்னு கவனிச்சாலே பாதி விடை கிடைச்சுடும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், கண்ணும் காதும் கையும் போதும்.

முதல் கேள்வி: ஃப்ரீசர்ல ஐஸ் கெட்டியா இருக்கா? ரெண்டு கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ். மேல ஐஸ் ட்ரே கல்லு மாதிரி இருக்கு, கீழ பால் திரியுது, கொத்தமல்லி வாடுது. இதுதான் நம்ம வீடுகள்ல அடிக்கடி வர்ற கேஸ் (இந்த கேஸ் வேற கேஸ் :-)). ஃப்ரீசர் உறையுதுன்னா கம்ப்ரசரும் ஓடுது, வாயுவும் இருக்குன்னு அதுவே சாட்சி சொல்லுது. இந்த வகை ஃபிரிட்ஜ்ல பெரும்பாலும் கீழ்த்தட்டுக்குன்னு தனியா குளிர் உற்பத்தி கிடையாது. ஃப்ரீசர் பின்பக்கப் பலகைக்குப் பின்னால ஒரே ஒரு காயில். அதுல பட்ட காத்தை ஒரு சின்ன ஃபேன் தள்ளி, துவாரம் வழியா கீழ அனுப்புது. அந்தக் காத்து கீழ வரலை. அவ்வளவுதான் வியாதி.

ஏன் வரலை? ஃபேன் நின்னிருக்கலாம். துவாரம் அடைச்சிருக்கலாம். இல்லைன்னா காயில் மேல பனி சுவர் மாதிரி கட்டியிருக்கும். ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் போற ஈரம் காயில்ல பனியா படியும். அதை உருக்கத்தான் பல மணி நேரத்துக்கு ஒருதரம் கம்ப்ரசரை நிறுத்தி, காயிலுக்கு அடியில ஒரு ஹீட்டர் கொஞ்ச நேரம் எரியும். உருகின தண்ணி குழாய் வழியா பின்னாடி கம்ப்ரசர் மேல இருக்கற தட்டுக்கு வந்து, அந்தச் சூட்டுலயே ஆவியாகிடும். இந்த ஹீட்டரோ, அதைக் காவல் காக்கற தெர்மல் ஃப்யூஸோ, குளிரை உணர்ற பைமெட்டல் அல்லது சென்சாரோ, நேரம் பார்க்கற டைமர் அல்லது போர்டோ, எது ஒண்ணு செத்தாலும் பனி உருகாது. ஒரு வாரம் பத்து நாள்ல காயில் மூடிடும், காத்துக்கு வழி இருக்காது. இதுல எதுக்குமே அந்த அம்பது கிராம் வாயுவோட சம்பந்தம் கிடையாது.

இப்போ நொய்டாவுல நடந்த ஒரு கதை. மதுரைக்கார நண்பர், கணவன் மனைவி ரெண்டு பேரும் ஐடி. அம்மா சர்க்கரை நோயாளி, இன்சுலின் பேனா ஃபிரிட்ஜ் கதவுல. மே மாசம், வெளில 43 டிகிரி. கீழ்த்தட்டு சூடாகுது. நெட்ல தேடினதுல கம்பெனி சர்வீஸ் மாதிரியே ஒரு நம்பர், ஆள் வந்தாச்சு, வழக்கமான வாக்கியம் சொல்லியாச்சு. அம்மாவுக்கு இந்தி தெரியாது. பையனுக்கு போன் போட்டாங்க.

"டேய், கேஸ் தீந்து போச்சாம்டா. இதுவும் சிலிண்டர் மாதிரியாடா? இத்தனை வருசம் தீரலையே, இப்ப எப்பிடி தீரும்? மேல ஐஸு நல்லாத்தான இருக்கு?"

"குடுத்துடும்மா, மீட்டிங்ல இருக்கேன்."

எழுபது வயசு அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. அதை இந்தியில கேட்கத் தெரியாததுக்கு விலை 3,200 ரூபாய். சரி, ஃபிரிட்ஜ் சரியாச்சா? ஆச்சு! அங்கதான் சூட்சுமம். வேலை நடந்த மூணு மணி நேரமும் பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து போட்டிருந்தார். மே மாச வெயில்ல காயில்ல கட்டியிருந்த பனி பாதிக்கு மேல உருகிடுச்சு. காத்துக்கு வழி கிடைச்சுது, கீழ குளிர்ந்துது. மெக்கானிக் ஏத்தின கேஸ் எதையும் சாதிக்கலை, ஃபிரிட்ஜ் ஆஃப்ல இருந்ததுதான் சாதிச்சுது. "பாத்தீங்களா, கேஸ் போட்டதும் சரியாயிடுச்சு"ன்னு வீடே நம்புது. பதினோராம் நாள் திரும்ப அதே கதை. போன் போட்டா, இப்போ கம்ப்ரசர் வீக்காம், எட்டாயிரம்.

நான் போனது அந்த சனிக்கிழமை. செஞ்சது ஒண்ணுமே இல்லை. பிளக்கைப் பிடுங்கி, ரெண்டு கதவையும் திறந்து வெச்சு, கீழ பழைய துண்டு போட்டு, ஒரு நாள் முழுக்க விட்டோம். இன்சுலின் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போச்சு. ஞாயித்துக்கிழமை போட்டதும் ஜில்லுன்னு ஓடுச்சு. அப்பவே டிஃப்ராஸ்ட் கோளாறுன்னு உறுதி. செக்டார் மார்க்கெட்ல சின்ன கடை வெச்சிருக்கற தர்பங்காக்காரர் ஒருத்தர் வந்து, ஃப்ரீசர் பலகையைக் கழட்டி, மல்டிமீட்டரை வெச்சுப் பார்த்து, தெர்மல் ஃப்யூஸ் போயிருக்குன்னு காட்டினார். பழசைக் கையில கொடுத்துட்டு புதுசு போட்டார். பொருளும் கூலியும் சேர்த்து 450. இன்னிக்கும் ஓடிட்டிருக்கு. (அவரும் மெக்கானிக்தான். அதனால மெக்கானிக் இனத்தையே திட்டறேன்னு யாரும் கிளம்ப வேண்டாம்.)

இதுல எனக்கு எரியறது 3,200 ரூபாய் இல்லை. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள்ள வைக்கணும். கீழ்த்தட்டு எத்தனை நாளா எத்தனை டிகிரில இருந்துச்சுன்னு அந்த வீட்டுல யாருக்கும் தெரியாது. கெட்டுப்போன இன்சுலினைப் பார்த்துக் கண்டுபிடிக்கறதும் கஷ்டம், ஊசி போட்டும் சர்க்கரை இறங்கலைன்னா டாக்டர் டோஸை ஏத்துவார். இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் கிடைக்குது. மருந்து வைக்கற வீட்டுல அது இருந்தே ஆகணும். காய்ச்சல் பார்க்கற தெர்மாமீட்டரை உள்ள வைக்காதீங்க, அது அவ்வளவு கீழ காட்டாது.

மத்த அறிகுறிகளையும் சொல்லிடறேன். மேலயும் குளிரலை கீழயும் குளிரலை, ஆனா கம்ப்ரசர் நிக்காம உறுமிட்டே இருக்கு, பக்கச் சுவரைத் தொட்டா எப்பவும் இருக்கற கதகதப்பு இல்லை, காயில்ல ஒரு ஓரத்துல மட்டும் பனி. அப்போ மெக்கானிக் கேஸ்னு சொன்னா காது கொடுத்துக் கேளுங்க. உண்மையா இருக்கலாம், ஆனா ஓட்டையைக் காட்டச் சொல்லுங்க. கம்ப்ரசர் கிளம்பப் பார்த்து, சில நிமிஷத்துக்கு ஒருதரம் 'டிக்'குன்னு சத்தத்தோட நின்னு போகுதுன்னா ரிலே, ஓவர்லோட், இல்லை குறைஞ்ச வோல்டேஜ். நம்ம சொசைட்டிகள்ல கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறி, திரும்ப மெயின் மாறும்போது இது சகஜம். ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டுப் போட்டாலே சில சமயம் கிளம்பிடும். சத்தமே இல்லை, உள்ள விளக்கும் எரியலைன்னா பிளக்கைப் பாருங்க. சிரிக்காதீங்க, வேலைக்காரம்மா பெருக்கும்போது ஸ்விட்சைத் தட்டிவிட்டதுக்கு விசிட்டிங் சார்ஜ் கொடுத்த வீடு எனக்குத் தெரியும்.

வடக்கே மட்டும் இருக்கற ஒரு விசித்திரம் வேற. ஜனவரியில சமையலறை எட்டு பத்து டிகிரிக்கு இறங்கும். சென்சார் கீழ்த்தட்டுல மட்டும் இருக்கற சில மாடல்கள்ல, கீழ ஏற்கெனவே குளிர்ச்சியா இருக்கறதால கம்ப்ரசர் ஓடவே ஓடாது. மேல ஃப்ரீசர்ல ஊர்லேர்ந்து கொண்டுவந்த தேங்காய்த் துருவல் இளகி வழியும். சென்னையில பிறந்து வளர்ந்தவங்களுக்கு இது கனவுலயும் தோணாது. குளிர்காலத்துல ஃபிரிட்ஜ் கெட்டுப்போச்சுன்னு ஆளைக் கூப்பிடுவோம், அவரும் யோசிக்காம அதே வாக்கியத்தைச் சொல்வார். பல மாடல்ல குளிர்காலத்துக்குன்னே தனி செட்டிங் இருக்கு. கூட வந்த புத்தகத்தைப் பிரிச்சுப் பாருங்க.

நம்ம பங்குக்கும் கொஞ்சம் திட்டு இருக்கு. இங்க நல்ல மாவு கிடைக்கலைன்னு ஞாயித்துக்கிழமை ஒரு வாரத்துக்கு அரைச்சு, ரெண்டு பெரிய தூக்குல ஊத்தி, பின்சுவரோட ஒட்டித் தள்ளி வைக்கறோமே, அங்கதான் காத்து வர்ற துவாரம் இருக்கு. மூக்கைப் பொத்திட்டு மூச்சு வரலைன்னா எப்படி? நாலு விரல் இடைவெளி விடுங்க. ரெண்டாவது, ஃப்ரீசர்ல பனி ஏறிட்டா கத்தியாலயும் தோசைக் கரண்டியாலயும் நோண்டறது. காயில் மெல்லிசு அலுமினியம். ஒரு குத்துல ஓட்டை விழுந்தா அப்போ நிஜமாவே கேஸ் போகும், மெக்கானிக் வாக்கு பலிக்கும். ஒரு பாத்திரம் சுடுதண்ணியை உள்ள வெச்சுக் கதவை மூடுங்க, தானா விடும். மூணாவது, வாடகை வீட்டுல கிடைச்ச மூலையில ஃபிரிட்ஜைச் சொருகி, மேல அட்டைப்பெட்டி அடுக்கி, துணி போர்த்தறது. சூடு வெளில போற குழாய் இப்போ பக்கச் சுவருக்குள்ளயே இருக்கு. அது மூச்சு விட வேண்டாமா?

அடுத்தது கம்பெனிக்காரங்க. கதவுல பளபளன்னு ஒரு ஸ்டிக்கர், 'கம்ப்ரசருக்கு 10 வருஷ வாரண்டி'. அதை நம்பித்தான் வாங்கறோம். மேல சொன்ன பட்டியலைத் திரும்பப் பாருங்க. ஃபேன், ஹீட்டர், ஃப்யூஸ், சென்சார், போர்டு, கதவு ரப்பர். வழக்கமா படுத்தற இதுல ஒண்ணுக்காவது பத்து வருஷம் எழுதியிருக்காங்களா? பல வாரண்டி அட்டையில இதுக்கெல்லாம் ஒரே வருஷம். கம்ப்ரசரே போனாலும் கம்ப்ரசர் மட்டும்தான் சும்மா, கேஸுக்கும் கூலிக்கும் தனி பில். வீட்டுல சட்டுனு போகாத தூணுக்கு கேரண்டி கொடுத்துட்டு, ஒழுகற கூரையைப் பத்திப் பேசாம இருக்கற கட்டட கான்ட்ராக்டர் மாதிரி இருக்கு.

"ஒரு மணி நேரத்துல நான் சம்பாதிக்கறது இதைவிட ஜாஸ்தி, எக்ஸ்சேஞ்ச்ல புதுசு வாங்கிட்டுப் போறேன், உனக்கேன் வயித்தெரிச்சல்?" இதைக் கேட்காத சனிக்கிழமை கெட்-டுகெதர் கிடையாது. வாங்குங்க சாமி, உங்க காசு. ஆனா புதுசும் அதே ஃப்யூஸ், அதே ஹீட்டரோடதான் வருது. உங்களுக்கு மூவாயிரம் சில்லறையா இருக்கலாம். அதே ஆள் அடுத்து போற வீட்டுல செக்யூரிட்டி வேலை பார்க்கறவர் இருக்கார், அவருக்கு அது கால் மாச சம்பளம். நாம கேள்வி கேட்காம கொடுத்துக் கொடுத்துத்தான் அந்த வாக்கியத்துக்கு இந்த ஊர்ல ரேட் ஃபிக்ஸ் ஆகியிருக்கு.

"கரண்ட் சமாச்சாரம், ஆபத்து" - இது நியாயம். அதனாலதான் யாரையும் பலகையைக் கழட்டச் சொல்லலை. கவனிங்க, அப்புறம் கேளுங்க, அவ்வளவுதான் நான் சொல்றது. நெட்ல முதல்ல வர்ற நம்பருக்குப் போடாதீங்க. வாரண்டி அட்டையிலயோ ஃபிரிட்ஜ் மேலயோ அச்சடிச்ச நம்பருக்கு மட்டும் போடுங்க. இல்லைன்னா பத்து வருஷமா ஒரே இடத்துல கடை வெச்சிருக்கற ஆளைப் பிடிங்க. கடை இருக்கறவர் ஓடிப்போக முடியாது.

ஏமாந்தாச்சுன்னாலும் 'வெளியூர்க்காரன், யார்கிட்ட போய்ச் சொல்றது'ன்னு உட்கார வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அமலுக்கு வந்தது 2020. அதன்படி நாம குடியிருக்கற இல்லை வேலை பார்க்கற மாவட்டத்துலயே புகார் போடலாம், கம்பெனி எங்க இருந்தாலும் சரி, ஃபிரிட்ஜை எந்த ஊர்ல வாங்கியிருந்தாலும் சரி. அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள விஷயத்துக்கு மாவட்ட ஆணையத்துல கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமும் இல்லை. அதுக்கு முன்னாடி 1915ன்னு தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு, அதுல பேசிப் பாருங்க. 2022 டிசம்பர்ல மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்'னு ஒரு இணையதளமும் திறந்துச்சு, சேர்ந்திருக்கற கம்பெனிகளோட ரிப்பேர், உதிரி பாக விவரம் அதுல கிடைக்கும். எதுக்கும் பில் வேணும். பில் இல்லாம கொடுத்த காசை நிரூபிக்கறது கஷ்டம்.

பகல்ல வீட்டுல தனியா இருக்கற அம்மா, மாமியாருக்காக இந்த நாலு வரியை ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதி ஃபிரிட்ஜ் கதவுலயே ஒட்டி வைங்க. அப்படியே படிச்சா போதும்.

"பஹலே ஃபேன் ஔர் ஹீட்டர் செக் கீஜியே." முதல்ல ஃபேனையும் ஹீட்டரையும் பாருங்க.

"லீக் கஹான் ஹை? திகாயியே." ஓட்டை எங்க, காட்டுங்க.

"புரானா பார்ட் யஹீன் சோட்கே ஜாயியே." கழட்டின பழைய பாகத்தை இங்கயே வெச்சுட்டுப் போங்க.

"பக்கா பில் தீஜியே, பேட்டா ஷாம் கோ பைசா தேகா." சரியான பில் கொடுங்க, பையன் சாயங்காலம் காசு கொடுப்பான்.

நொய்டா அம்மா நாலாவதை மட்டும் தூக்கத்துல கேட்டாலும் சொல்றாங்க. போன மாசம் வாஷிங் மெஷினுக்கு வந்த ஆள் அதைக் கேட்டுட்டு, "மாதாஜி, திரும்ப ஒருதரம் பார்க்கறேன்"னு தண்ணி போற குழாயை உதறினாராம். உள்ளேர்ந்து ஒரு ரூபாய் நாணயம் விழுந்துச்சாம், மெஷின் ஓடிடுச்சாம்.